முன்னால் நிற்கும் நட்சத்திரங்கள்

யாராவது தான் எடுத்த கேலக்ஸி படத்தை என்னிடம் நீட்டினால் என் கண் முதலில் கேலக்ஸிக்குப் போவதில்லை. படத்தின் நாலு மூலைக்கும் போகிறது. அங்கே நட்சத்திரங்கள் வட்டமாக இருக்கின்றனவா, நிறம் தங்கியிருக்கிறதா, சுற்றிலும் கறுப்பு வளையம் ஏதாவது விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நடுவுக்கு வருவேன். சுருள் கை எவ்வளவு பிரகாசமாகத் தெரியலாம், தூசிப்பட்டை எவ்வளவு அடர்த்தியாக இருக்கலாம் என்பதில் ஆளுக்கொரு ருசி உண்டு. அதில் நான் தலையிடுவதில்லை. நட்சத்திரத்தில் அந்தச் சலுகை கிடையாது. நம் கையிலிருக்கும் தொலைநோக்கிகளுக்கு அது ஒரு ஒளிப்புள்ளி, அவ்வளவுதான். விடை முன்கூட்டியே தெரிந்த கணக்கு என்பதால் எந்த வரியில் தப்பு நடந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கேலக்ஸி படத்தில் கூர்மையாகத் தெரியும் நட்சத்திரங்களில் ஏறக்குறைய எதுவுமே அந்தக் கேலக்ஸியைச் சேர்ந்தது இல்லை. எல்லாம் நம் பால்வீதியைச் சேர்ந்தவை. சில நூறு, சில ஆயிரம் ஒளியாண்டு தூரத்தில், நமக்கும் கேலக்ஸிக்கும் நடுவில் நிற்பவை. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே தெரியும் நியூ ஆண்ட்ரோமெடே என்ற நீல நட்சத்திரம் சுமார் 600 ஒளியாண்டில் இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டத்துக்குள் விழுகின்றன. அந்த இடைவெளியைக் கண்ணுக்கு உணர்த்துவது முன்னால் நிற்கும் நட்சத்திரங்கள்தான். அவற்றை வீங்க வைத்தால் கேலக்ஸி மூழ்கிப்போகும்; சுத்தமாகத் துடைத்தால் அது எங்கேயும் இல்லாத ஒரு படமாகிவிடும்.

நான் படம் எடுப்பது பெரும்பாலும் ஜவ்வாது மலையில். காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறதே, அதே மலைத்தொடர். 1986-இல் 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்த இடம். என் போன்ற அமெச்சூர்கள் ஆய்வகத்துக்கு வெளியே, சாமை விளையும் ஏதோவொரு கொல்லை மேட்டில் முக்காலியை ஊன்றிக்கொள்கிறோம். "தம்பி, வாசல் லைட்டையும் நிறுத்திடட்டுமா?" என்று வீட்டுக்காரப் பெரியவர் தாமாகவே கேட்டுவிட்டு அணைப்பார். அந்த ஒரு உதவிக்கு ஈடாக எந்த ஃபில்டரும் கிடையாது.

இருட்டை விடவும் அந்த மலையில் எனக்குப் பிடித்தது அதன் அட்சரேகை: வடக்கே சுமார் 12.5 பாகை. சிம்மத்தில், பூர நட்சத்திரத்துக்குச் சற்றுத் தெற்கே, எம்65, எம்66, என்.ஜி.சி. 3628 என்று மூன்று கேலக்ஸிகள் கூட்டமாக இருக்கின்றன. லியோ டிரிப்லெட் என்பார்கள். மூன்றுமே வான நடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 13 பாகையில் இருப்பதால், ஜவ்வாது மலையிலிருந்து பார்க்கும்போது ஏறக்குறைய நேர் உச்சந்தலை வழியாகக் கடக்கும். மாசி மகத்தன்று முழுநிலா மக நட்சத்திரத்தை ஒட்டி நிற்கிறது என்றால், அந்த மாதம் சூரியன் அதற்கு நேரெதிரே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மாசி, பங்குனி அமாவாசை இரவுகளில் சிம்மம் நள்ளிரவை ஒட்டி உச்சிக்கு வந்தாக வேண்டும். நம் திருவிழாக் காலண்டரே கேலக்ஸி சீசனைச் சொல்லிவிடுகிறது.

உச்சியில் காற்றின் தடிமன் மிகக் குறைவு. 30 பாகை உயரத்தில் இருக்கும் பொருளின் ஒளி அதைப்போல இரண்டு மடங்கு காற்றைத் தாண்டி வரவேண்டும். காற்று குறையக் குறைய நட்சத்திரம் சிறுக்கும். ஐரோப்பாவில் இருந்து எடுப்பவர்களுக்குச் சிம்மம் இவ்வளவு உயரத்தில் வராது. இது நமக்குக் கிடைத்த கொடை. அதற்கு நாம் கொடுக்கும் விலை துருவ நட்சத்திரம். அது தொடுவானத்தில் இருந்து 12.5 பாகையிலேயே நிற்கும். மவுண்டின் அச்சை அதைப் பார்த்துத்தான் சரிசெய்கிறோம் என்பதால், மரக்கிளையும் ஊர்ப் புகையும் மறைக்காத இடமாகத் தேடி மவுண்டை நிறுத்த வேண்டும். அதுவும் கிடைக்காத இடத்தில் வானத்தின் வேறு பகுதியைப் படமெடுத்துக் கணக்கிட்டு அச்சைச் சரிசெய்யும் மென்பொருள்தான் கதி. இதில் அலட்சியம் காட்டினால் மூலை நட்சத்திரங்கள் கோடாகும். பிறகு எந்த மென்பொருளும் அவற்றை முழுசாக மீட்காது.

என்னிடம் இருப்பது 8 அங்குல எஃப்/4 நியூட்டோனியன். குவியத் தூரம் 800 மி.மீ. கேமராவில் 3.76 மைக்ரான் பிக்சல். கணக்குப் போட்டால் ஒரு பிக்சல் கிட்டத்தட்ட ஒரு விகலைக்கு, அதாவது ஒரு பாகையின் 3600-இல் ஒரு பங்குக்கு, சமம். நல்ல இரவில் நட்சத்திரத்தின் பாதி உயர அகலம், அதாவது ஒளி உச்சத்தில் பாதியாகும் இடத்தில் அளக்கும் அகலம், 3 பிக்சல் அளவுக்கு வரும். இரவு குளிரக் குளிரக் குழாய் சுருங்கும், ஃபோகஸ் நகரும். அதனால் பாத்தினோவ் மாஸ்க்கை மறுபடி மறுபடி மாட்டி, மூன்று ஒளிக்கோடுகளில் நடுக்கோடு சரியாக மையத்தில் விழுகிறதா என்று பார்ப்பது என் வழக்கம். மூலை நட்சத்திரங்களைச் சரிசெய்யும் கோமா கரெக்டருக்கும் சென்சாருக்கும் இடையே 55 மி.மீ. என்று குறித்திருந்தால் அது 55 ஆகவே இருக்க வேண்டும்; ஒரு மில்லிமீட்டர் தவறினாலும் மூலையில் நட்சத்திரங்களுக்கு வால் முளைக்கும். மார்கழிப் பனியில் இரண்டாம் கண்ணாடி லேசாக வியர்த்தால் ஒவ்வொரு நட்சத்திரத்தையும் சுற்றி ஒரு மங்கல் வட்டம் வரும். டியூ ஹீட்டரை ஆரம்பத்திலேயே போட்டுவிட வேண்டும்.

எக்ஸ்போஷர் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். கேலக்ஸி மங்கலானது என்பதால் ஒவ்வொரு சப்பையும், அதாவது பிறகு ஒன்றாக அடுக்கப்போகும் தனித்தனிப் படத்தையும், நீட்டி எடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் 16 பிட் கேமராவில் ஒரு பிக்சல் காட்டக்கூடிய உச்சம் 65,535. அதைத் தொட்ட பிக்சலுக்கு நிறம் கிடையாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் ஒரே உச்சத்தில் முட்டி நிற்கும். நிறம் நட்சத்திரத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிய வளையமாக மிஞ்சும். அதனால் எஃப்/4-இல் 60 அல்லது 120 நொடியோடு நிறுத்திக்கொண்டு, எண்ணிக்கையைக் கூட்டுகிறேன். சட்டத்துக்குள் பிரகாசமான நட்சத்திரம் இருந்தால் 10 நொடி சப் கொஞ்சம் தனியாக எடுத்துக்கொண்டு, பிறகு அதன் நடுப்பகுதிக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறேன்.

இனி மேசையில் நடக்கும் வேலை. நட்சத்திரம் கெட்டுப்போவது பெரும்பாலும் மலையில் இல்லை, இங்கேதான். அதுவும் ஒரே ஒரு படியில்: ஸ்ட்ரெச் செய்யும்போது, அதாவது மங்கலானதைக் கண்ணுக்குத் தெரியும்படி மேலே தூக்கும்போது.

சப்களை ஒன்றாக அடுக்கி ஸ்டாக் செய்து முடித்த படம் திரையில் ஏறக்குறையக் கறுப்பாகத்தான் தெரியும். தகவல் முழுக்க ஹிஸ்டோகிராமின் இடது ஓரத்தில் ஒட்டிக்கிடக்கும். அந்த நிலையில், ஸ்ட்ரெச் செய்யாத தரவில், ஒரு பிரகாசமான நட்சத்திரத்தையும் ஒரு மங்கலான நட்சத்திரத்தையும் அளந்து பாருங்கள். இரண்டின் பாதி உயர அகலமும் ஒன்றாகவே இருக்கும். நான் சொன்ன அதே 3 பிக்சல். சிரில் மென்பொருளில் நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கட்டம் போட்டு, பி.எஸ்.எஃப். அளவை, அதாவது புள்ளியின் ஒளி பரவியிருக்கும் விதத்தைக் கேட்டால் உடனே காட்டும். பெரிய நட்சத்திரம், சின்ன நட்சத்திரம் என்ற பேதம் வானத்திலும் இல்லை, சென்சாரிலும் இல்லை. உயரம்தான் வேறு.

பிறகு ஏன் படத்தில் ஒன்று தட்டு மாதிரியும் இன்னொன்று குண்டூசி முனை மாதிரியும் தெரிகிறது? நட்சத்திரத்தின் ஒளி மையத்தில் இருந்து வெளியே போகப் போகச் சட்டென்று முடிந்துவிடுவதில்லை. நீண்ட சிறகு மாதிரி படிப்படியாக இறங்குகிறது. 1969-இல் மொஃபாட் என்ற வானியலாளர் கொடுத்த வளைவு இந்தச் சிறகை நன்றாக விவரிக்கிறது. அதை வைத்துக் கணக்கிடலாம். ஒரு நட்சத்திரத்தின் உச்சம் 40,000, இன்னொன்றின் உச்சம் 400. பின்னணிக்கு மேல் 100 அலகு இருந்தால் கண்ணுக்குத் தெரியும் என்கிற அளவுக்கு ஸ்ட்ரெச் செய்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சின்னது 4 அல்லது 5 பிக்சல் விட்டத்தில் தெரியும். பெரியது 15 பிக்சலுக்கு விரியும். அந்த வீக்கத்தை உண்டாக்கியது நம் ஸ்ட்ரெச். கேலக்ஸியின் மங்கலான கையை மேலே தூக்குகிறோம். அதே தூக்கலில் நட்சத்திரங்களின் சிறகும் சேர்ந்து எழுகிறது.

இதைப் புரிந்துகொண்ட பிறகு நட்சத்திர வேலையே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. முதலில் வீங்கவிட்டு, பிறகு ஃபோட்டோஷாப்பில் மினிமம் ஃபில்டர் போட்டு அரிப்பது பழைய வழி. நட்சத்திரங்கள் சிறுக்கும், ஆனால் சதுரமாகும், அவற்றைச் சுற்றி வெறுமையான குழி விழும், மங்கலானவை காணாமலே போகும். வீக்கம் உண்டான இடத்திலேயே, அதாவது ஸ்ட்ரெச்சிலேயே, அதைத் தடுப்பதுதான் முறை. கேலக்ஸிக்கு ஒரு ஸ்ட்ரெச், நட்சத்திரங்களுக்கு அதைவிட மென்மையான வேறொரு ஸ்ட்ரெச். இரண்டும் ஒரே தரவில் இருந்துதான் வருகின்றன. தூக்கும் அளவு மட்டும் வேறு.

அதற்காக எல்லா நட்சத்திரத்தையும் ஒரே அளவுக் குறுமணிகளாக்கிவிடக் கூடாது. இந்தப் பழக்கம் இப்போது பரவலாகிவிட்டது. எனக்கு ஒப்பவே இல்லை. கண்ணாடித் தட்டில் படம் எடுத்த காலத்தில் பிரகாசமான நட்சத்திரம் பெரிய வட்டமாகப் பதிந்தது. ஒளி, தட்டில் பூசிய ரசாயனக் குழம்பில் சிதறும், கண்ணாடியின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பும். அந்த வட்டத்தின் விட்டத்தை அளந்தே வானியலாளர்கள் பிரகாசத்தைக் கணித்தார்கள். 1949-இல் தொடங்கிய பாலோமர் வான அளவைத் தட்டுகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். படத்தில் பெரிது என்றால் பிரகாசம் அதிகம் என்று படிக்கத் தலைமுறைகளாகப் பழகியிருக்கிறோம். அந்த வரிசையைக் கலைத்துவிட்டால் வான வரைபடத்தோடு வைத்து ஒப்பிடக்கூட முடியாமல் போகும். வீக்கத்தைக் குறைக்கலாம். வரிசையை மாற்றக் கூடாது.

அடுத்தது நிறம். ரோகிணி ஆரஞ்சு, திருவாதிரை சிவப்பு, கேட்டையும் சிவப்பு, சித்திரை நீலம் கலந்த வெள்ளை. வெறும் கண்ணாலேயே பார்த்துச் சொல்லிவிடலாம். நட்சத்திரத்தின் நிறம் அதன் மேற்பரப்பு வெப்பம். அழகுக்குப் பூசிய வண்ணம் இல்லை. ஆனாலும் எத்தனையோ கேலக்ஸி படங்களில் நட்சத்திரங்கள் அத்தனையும் சுண்ணாம்பு வெள்ளையாகவே நிற்கின்றன. காரணம் மறுபடியும் ஸ்ட்ரெச்தான். ஒரு ஆரஞ்சு நட்சத்திரத்தின் பிக்சல் ஒன்றில் சிவப்பு 8,000, பச்சை 6,000, நீலம் 4,000 என்று இருக்கிறது. சிவப்பு நீலத்தைப் போல இரண்டு மடங்கு. வழக்கமான வலுவான ஹிஸ்டோகிராம் ஸ்ட்ரெச் ஒன்றைப் போட்டால் மூன்றும் முறையே 93, 91, 87 சதவீதத்துக்குப் போய் நிற்கின்றன. மூன்றையும் கூரையில் கொண்டுபோய் ஒட்டியாயிற்று. கண்ணுக்கு அது வெள்ளை.

இதற்கு நல்ல மருந்து ஆர்க்சின்எச் ஸ்ட்ரெச். லப்டனும் அவர் குழுவினரும் 2004-இல் ஸ்லோன் வான அளவைப் படங்களுக்காக எழுதிய முறையில் இருந்து வந்தது. மூன்று நிறத்தையும் தனித்தனியாக வளைக்காமல், பிக்சலின் மொத்தப் பிரகாசத்துக்கு ஒரு பெருக்கெண் கண்டுபிடித்து, அதே எண்ணால் மூன்றையும் பெருக்குகிறது. இரண்டு மடங்கு இரண்டு மடங்காகவே இருக்கும். சிரில், பிக்ஸ்இன்சைட் இரண்டிலும் இருக்கிறது. நட்சத்திரங்களை மட்டும் தனியே பிரித்த படலத்துக்கு நான் இதைத்தான் போடுகிறேன். நிறம் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தால் பிறகு குறைத்துக்கொள்ளலாம். போன நிறத்தைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

ஆனால் அதற்கு முன்னாலேயே, ஸ்ட்ரெச் செய்யாத தரவில், நிறச் சமன் முடிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் கண்ணளவில் சாய்த்துச் சாய்த்துப் பார்ப்போம். இப்போது கையா விண்கலம் அந்த வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு, கிட்டத்தட்ட 180 கோடி நட்சத்திரங்களை அளந்த விண்கலம். 2022 ஜூனில் வெளியான அதன் மூன்றாம் தொகுப்பில் கோடிக்கணக்கான நட்சத்திரங்களின் நிறமாலையும் இருக்கிறது. மென்பொருள் என் படத்தில் இருக்கும் நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, என் சென்சாரின் குணத்தையும் கணக்கில் எடுத்து, இந்த நட்சத்திரம் இந்த நிறத்தில்தான் இருக்க வேண்டும் என்று சரிசெய்துவிடுகிறது. சென்னை மொட்டைமாடியில் எடுத்த படத்தையும் ஜவ்வாதில் எடுத்த படத்தையும் இப்படிச் சரிசெய்து பக்கத்தில் வைத்தால் நட்சத்திர நிறங்கள் ஒத்துப்போகின்றன. முன்னால் நிற்கும் நட்சத்திரங்கள் சாட்சி சொல்லித்தான் பின்னால் இருக்கும் கேலக்ஸிக்குச் சரியான நிறம் கிடைக்கிறது. கேலக்ஸியின் நடு மஞ்சள் வயதான நட்சத்திரங்களுடையது, கைகளின் நீலம் இளம் நட்சத்திரங்களுடையது என்று நம்பிக்கையாகச் சொல்ல முடிவது இதனால்தான்.

நட்சத்திரங்களை முழுசாகப் பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு இந்தத் தொழிலே மாறிவிட்டது. ஸ்டார்நெட், ஸ்டார்எக்ஸ்டெர்மினேட்டர் போன்றவை. ஏராளமான படங்களைக் காட்டிப் பயிற்றுவித்த நியூரல் நெட்வொர்க்குகள் இவை. படத்தைக் கொடுத்தால் சில நிமிடத்தில் நட்சத்திரமே இல்லாத கேலக்ஸி ஒன்றும் நட்சத்திரங்கள் மட்டும் இன்னொன்றுமாக இரண்டு படலம் தரும். எனக்கு இவை வேண்டும், மனதார வரவேற்கிறேன். என்.ஜி.சி. 3628-இல் இருந்து சுமார் 3 லட்சம் ஒளியாண்டு நீளத்துக்கு ஒரு மங்கலான வால் நீள்கிறது; பக்கத்துக் கேலக்ஸியின் ஈர்ப்பு இழுத்து நீட்டிய நட்சத்திரங்கள். அதைப் பின்னணியில் இருந்து தூக்கிக் காட்ட வேண்டுமானால், நட்சத்திரங்களைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தூக்குவதுதான் வசதி.

எடுத்து வைப்பது ஒன்று, எறிந்துவிடுவது ஒன்று. என்னோடு மலைக்கு வரும் ஒரு கல்லூரிப் பையன் ஒருமுறை லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"அண்ணா, நட்சத்திரமே இல்லாம இப்படியே விட்டுட்டா கேலக்ஸி எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க."

"நல்லாத்தான் இருக்கு. எடுத்த நட்சத்திரப் படலத்தைத் தனியா திறந்து பாத்தியா?"

"அதை எதுக்குண்ணா பாக்கணும்?"

திறந்தோம். எம்65-இன் நடுக்கரு நட்சத்திரங்களோடு சேர்ந்து அங்கே போய் உட்கார்ந்திருந்தது. எம்66-இன் கைகளில் இருந்த சிவந்த முடிச்சுகள் இரண்டு மூன்றும் அங்கேதான் இருந்தன. கொஞ்சம் தள்ளி, வெகு தொலைவில் உள்ள பொடிக் கேலக்ஸிகள் சிலவும். நெட்வொர்க்குக்கு வானியல் தெரியாது. உருண்டையாக, சிறிதாக, பளிச்சென்று இருப்பதையெல்லாம் நட்சத்திரம் என்று எடுத்துக்கொள்ளும். எம்33 கேலக்ஸியில் இதை இன்னும் கண்கூடாகப் பார்க்கலாம். அங்கே என்.ஜி.சி. 604 என்ற நட்சத்திரப் பிறப்பிடம் ஏறக்குறைய 1,500 ஒளியாண்டு அகலம் கொண்டது. ஆனால் சிறிய தொலைநோக்கிப் படத்தில் சற்றே பருத்த ஒரு சிவப்புப் புள்ளி. அதில் பாதியை நெட்வொர்க் பிய்த்துக்கொண்டு போய்விடும். நட்சத்திரப் படலத்தைத் திறந்து பார்த்து, கேலக்ஸிக்கு உரியதை மாஸ்க் போட்டுக் கேலக்ஸிக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும். அலுப்பான வேலை. இதைச் செய்யாத படத்தை நான் முடிந்த படமாக எண்ணுவதில்லை.

திரும்பச் சேர்ப்பதிலும் ஒரு ஒழுங்கு உண்டு. ஸ்ட்ரெச் செய்யும் முன் பிரித்திருந்தால், நட்சத்திரப் படலம் என்பது வெறும் கழித்தல், சுத்தமான தரவு. அதை அதன் மென்மையான ஸ்ட்ரெச்சில் தூக்கி, ஸ்கிரீன் முறையில் சேர்க்கிறேன்: இரண்டு படத்தையும் தலைகீழாக்கி, ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததை மறுபடி தலைகீழாக்குவது. வெறுமனே கூட்டினால் கேலக்ஸியின் பிரகாசமான பகுதியில் விழும் நட்சத்திரம் உச்சத்தைத் தாண்டி வெளுத்துவிடும். ஸ்கிரீன் முறையில் எதுவும் உச்சத்தைத் தாண்டாது. ஸ்ட்ரெச் செய்த பிறகு பிரிப்பவர்கள் கழிக்கக் கூடாது. ஸ்கிரீனின் எதிர்க்கணக்கால் பிரித்தால்தான் சேர்க்கும்போது பழையபடி பொருந்தும். இது தெரியாமல் கலப்பதால் வருவதுதான் பல படங்களில் நட்சத்திரத்தைச் சுற்றித் தெரியும் சாம்பல் வளையம்.

கூர்மையாக்கும் டீகன்வல்யூஷனைப் பற்றிச் சுருக்கமாக. காற்று கலைத்துவிட்டதைக் கணக்கால் திரும்பச் சேர்க்கும் முறை இது. 2022 இறுதியில் வந்த ப்ளர்எக்ஸ்டெர்மினேட்டர் இதை நெட்வொர்க் கொண்டு செய்கிறது. மூலையில் லேசாக நீண்ட நட்சத்திரங்களையும் திருத்துகிறது. ஸ்ட்ரெச் செய்யும் முன்னால் போட வேண்டும், மிதமாகப் போட வேண்டும். நட்சத்திரத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் எட்டிப்பார்த்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். அதே அளவு மீறல் கேலக்ஸியின் தூசிப்பட்டையிலும் நடந்திருக்கும். அங்கே கண்டுபிடிப்பது கஷ்டம். நட்சத்திரம் நமக்கு அளவுகோல்.

தெற்கே தாழ்வாக இருக்கும் கேலக்ஸிகளில் வேறொரு சிக்கல். சித்திரை பிறக்கும் சமயத்தில் நள்ளிரவுக்குச் சென்டாரஸ் ஏ தெற்கில் ஏறும்; ஜவ்வாதில் இருந்து அதிகபட்சம் 34 பாகை உயரம். அந்த உயரத்தில் காற்றுமண்டலம் முப்பட்டகம் மாதிரி நடந்துகொள்கிறது. நீல ஒளி சிவப்பை விட அதிகம் வளைவதால், ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் உச்சிப் பக்கம் நீல விளிம்பும் தொடுவானப் பக்கம் சிவப்பு விளிம்பும் வரும். லென்ஸ் கோளாறு என்று நினைத்துப் பலர் கண்ணாடியைத் திருகத் தொடங்குகிறார்கள். தேவையில்லை. மூன்று நிறப் படங்களையும் தனியே பிரித்து, நட்சத்திரங்களை வைத்தே ஒன்றன்மேல் ஒன்றாக மறுபடி பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குறுக்கே கறுத்த தூசிப்பட்டை ஓடும் அந்தக் கேலக்ஸியின் கூர்மையே இந்தப் பொருத்தத்தில்தான் இருக்கிறது.

எவ்வளவு நட்சத்திரம் இருக்கலாம் என்பதும் இடத்தைப் பொறுத்தது. சிம்மமும் கன்னியும் பால்வீதித் தட்டுக்கு வெகு தூரம் விலகியவை. அங்கே முன்னால் நிற்கும் நட்சத்திரங்கள் குறைவு, வானம் விசாலமாக இருக்கும். செபியஸ், சிக்னஸ் எல்லையில் உள்ள என்.ஜி.சி. 6946-ஐப் பால்வீதித் தட்டின் ஊடாகத்தான் பார்க்கிறோம். நட்சத்திரம் அள்ளி இறைத்தது போல இருக்கும். அங்கே நான் நட்சத்திரங்களின் ஸ்ட்ரெச்சை இன்னும் தணிக்கிறேன், கேலக்ஸி மூச்சுவிட வேண்டுமே. ஆனால் கூட்டம் கூட்டமாகத்தான் இருக்கும். அதைக் கலைத்துச் சிம்மத்து வானம் போல ஆக்கினால், எந்தத் திசையில் எதன் வழியாகப் பார்க்கிறோம் என்ற செய்தியே அழிந்துபோகும். மிராக் என்ற நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்.ஜி.சி. 404-உம் அப்படித்தான். வெறும் கண்ணுக்கே தெரியும் செந்நட்சத்திரம் ஒன்றின் ஒளிவட்டத்துக்குள் ஒரு கேலக்ஸி ஒளிந்திருக்கிறது. அதனால்தான் அதற்கு மிராக்கின் ஆவி என்று பெயர். மிராக்கை அடக்கலாம். அழித்துவிட்டால் அந்தப் பெயருக்கும் படத்துக்கும் சம்பந்தமில்லை.

கேலக்ஸியின் மேல் தெரியும் புள்ளிகளில் எதுவுமே அதைச் சேர்ந்தது இல்லை என்று நான் சொல்லவில்லை. ஏறக்குறைய எதுவுமே என்றுதான் சொன்னேன். அந்த ஏறக்குறையவில் பெரிய விஷயம் இருக்கிறது. 1923 அக்டோபரில் வில்சன் மலையின் 100 அங்குலத் தொலைநோக்கியில் வானியலாளர் ஹப்பிள் எடுத்த ஆண்ட்ரோமெடா தட்டில் ஒரு மங்கலான புள்ளி இருந்தது. முதலில் அதை நோவா என்று நினைத்து 'என்' என்று குறித்தார். பிறகு அதை அடித்துவிட்டு, ஒளி மாறும் நட்சத்திரம் என்று ஆச்சரியக்குறியோடு எழுதினார். சுமார் 31 நாளுக்கு ஒருமுறை கூடிக் குறையும் அந்தச் செஃபீட் நட்சத்திரத்தை வைத்துத் தூரத்தைக் கணித்துத்தான் ஆண்ட்ரோமெடா பால்வீதிக்கு வெளியே இருக்கும் தனிக் கேலக்ஸி என்பது நிலைநாட்டப்பட்டது. இன்றைய அமெச்சூர் கருவிகளில் அந்த நட்சத்திரம் பதிவாகிறது. பதிவாகும் அந்தப் புள்ளியை நட்சத்திர நீக்கமும் இரைச்சல் நீக்கமும் சேர்ந்து ஒரே சொடுக்கில் வழித்தெடுத்துவிடும்.

சூப்பர்நோவாவும் அப்படித்தான். 2023 மே 19 அன்று ஜப்பானிய அமெச்சூர் கோய்ச்சி இதாகாகி எம்101 கேலக்ஸியின் கையில் புதிய புள்ளி ஒன்றைக் கண்டார், எஸ்.என். 2023ஐஎக்ஸ்எஃப் என்று பெயர். அறிவிப்பு வந்ததும் உலகெங்கும் அமெச்சூர்கள் தங்கள் முந்தைய நாள் தரவைத் தோண்டினார்கள். கண்டுபிடிப்புக்கு முந்தைய மணிநேரங்களிலேயே அது மங்கலாகப் பதிவாகியிருந்தது. வெடிப்பு எப்போது தொடங்கியது என்பதைக் கணிக்க அந்தப் படங்கள் வானியலாளர்களுக்கு உதவின. அழகாக முடித்த ஜேபெக்கை மட்டும் வைத்துக்கொண்டு சப்களை அழித்திருந்தால் அது நடந்திருக்காது.

எம்66-இல் 1989-இலும் 2016-இலும் சூப்பர்நோவாக்கள் தோன்றியிருக்கின்றன. அதனால் மாசியில் சிம்மத்து ஸ்டாக் தயாரானதும், எந்த நெட்வொர்க்கையும் ஓட்டும் முன், போன வருஷத்துப் படத்தை அதே அளவுக்குப் பொருத்தித் திரையில் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். மூன்று கேலக்ஸிகளின் மேலும் இருக்கும் ஒவ்வொரு புள்ளியும் போன வருஷமும் அங்கே இருந்ததா என்று தேடுகிறேன். சந்தேகம் வருகிற புள்ளியைக் கையா பட்டியலோடு ஒப்பிடுகிறேன். சப்கள் அத்தனையும் தனி வன்தட்டுக்குப் போகின்றன. அதற்குப் பிறகுதான் ஸ்ட்ரெச்.